கிளுவையும் நீலச்சிறகியும்

பனிக்காலத்தில் தமிழக நீர்நிலைகளை நாடிவரும் சிறிய வாத்துகளுள் இரண்டு, தோற்றத்தில் ஒன்றையொன்று பெரிதும் ஒத்தவை. அவற்றைப் பிரித்தறியும் முறையையும், அவ்வாறு பிரித்தறிவது ஏன் இன்றியமையாதது என்பதையும் இப்பாடம் விளக்குகிறது.

தைத்திங்கள் விடியலில் கரிக்கிலி ஏரியின்மேல் படிந்த பனி விலகச் சற்று நேரமாகும். செங்கல்பட்டு மாவட்டத்தில், வேடந்தாங்கலுக்கு அருகில் உள்ள இவ்வேரியின் கரையில் நிற்பவரை முதலில் எட்டுவது ஒலிதான். சேற்று நீரை அலகால் சலிக்கும் சிறு சலசலப்பு. இடையிடையே மெல்லிய சீழ்க்கை. எங்கோ ஒரு நாமக்கோழியின் கூப்பாடு. பனி விலகியதும் கோரைப்புற்களின் ஓரத்தில் பழுப்புநிற உருவங்கள் சில தென்படுகின்றன. பக்கத்தில் நிற்கும் புள்ளிமூக்கு வாத்தோடு ஒப்பிட்டால் அவை மிகச் சிறியவை. கரையில் நிற்கும் இருவருள் ஒருவர் அவற்றைக் 'கிளுவை' என்கிறார்; மற்றவர் 'நீலச்சிறகி' என்கிறார். இருவரிடமும் தொலைநோக்கி உண்டு, குறிப்பேடும் உண்டு. அன்றைய நாளின் எண்ணிக்கையை எந்தப் பெயருக்கு நேரே எழுதுவது என்பதே அவர்களுக்கிடையே எழுந்த வினா.

பெயரும் இனமும்

கிளுவை என்னும் சொல்லைக் கேட்டவுடன் சிற்றூர் மாணவர்க்கு வேலியோரத்து மரம் நினைவுக்கு வரலாம். அம்மரத்திற்கும் இப்பறவைக்கும் பெயரொற்றுமை அன்றி வேறு தொடர்பில்லை. கிளுவையின் அறிவியற்பெயர் அனாஸ் கிரெக்கா. நீலச்சிறகியின் அறிவியற்பெயர் ஸ்பாட்டுலா குவர்குவெடுலா. இவ்விரண்டு இனங்களையும் 1758ஆம் ஆண்டில் பெயரிட்டு வகைப்படுத்தியவர் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ். நெடுங்காலம் இரண்டும் அனாஸ் என்னும் ஒரே பேரினத்தில் வைக்கப்பட்டிருந்தன. மரபணு ஆய்வுகள் வந்தபின், நீலச்சிறகியானது அகன்ற கரண்டி போன்ற அலகுடைய தட்டைவாயன் வாத்துக்கே நெருங்கிய உறவினம் என்பது தெளிவாயிற்று. ஆகவே அது ஸ்பாட்டுலா என்னும் பேரினத்திற்கு மாற்றப்பட்டது. ஏரிக்கரையில் நிற்பவர்க்கு இச்செய்தி பயனற்றதுபோலத் தோன்றலாம். ஆயினும், கிளுவையின் அலகைக் காட்டிலும் நீலச்சிறகியின் அலகு சற்று நீண்டும் பருத்தும் இருப்பதை நினைவிற்கொள்ள இவ்வுறவு உதவுகிறது.

இரண்டுமே நம் நாட்டில் பிறப்பவை அல்ல. ஐரோப்பா, ஆசியா ஆகிய கண்டங்களின் வடபகுதிகளில் கோடையில் குஞ்சு பொரித்து, அங்கு நீர்நிலைகள் உறையத் தொடங்குமுன் தெற்கு நோக்கி வலசை புறப்படுகின்றன. மத்திய ஆசிய வலசைப்பாதை எனப்படும் வான்வழியே இந்தியத் துணைக்கண்டத்தை அடைகின்றன. நீலச்சிறகி முந்தி வந்து பிந்தித் திரும்பும் இயல்புடையது. தமிழகத்தின் தென்பகுதி நீர்நிலைகளில் பெரும்பாலும் மிகுதியாகக் காணப்படுவதும் அதுவே. சிறிய பழுப்பு வாத்து என்றாலே கிளுவை என்று எழுதிவிடும் புதியவர் பலர் தவறுவது இதனாலேயே.

மூழ்காமல் மேய்பவை

பெயரை முடிவு செய்வதற்கு முன், பறவை என்ன செய்கிறது என்பதைச் சற்றுநேரம் பார்த்திருப்பது நலம். வாத்துகளுள் முழுவுடலும் நீருள் மறையுமாறு மூழ்கி இரை தேடுவன ஒருவகை. நீரின் மேற்பரப்பிலும் ஆழமற்ற ஓரங்களிலும் மேய்வன மற்றொரு வகை. கிளுவையும் நீலச்சிறகியும் இரண்டாம் வகையைச் சார்ந்தவை. இவை அலகை நீர்ப்பரப்பில் கிடைமட்டமாக வைத்து நீரைச் சலித்தபடி செல்லும். சில நேரங்களில் தலையையும் கழுத்தையும் நீருள் அமிழ்த்தி, வாலை வானோக்கித் தூக்கித் தலைகீழாக நிற்கும். அலகின் உள்விளிம்பில் சீப்பின் பற்களைப் போன்ற மெல்லிய தகடுகள் உள்ளன. அவை நீரையும் சேற்றையும் வெளியேவிட்டு விதைகளையும் சிற்றுயிர்களையும் தடுத்து நிறுத்துகின்றன. பனிக்காலத்தில் கிளுவையின் உணவில் நீர்த்தாவரங்களின் விதைகளே மிகுதி.

இவ்வியல்பைக் கண்டவுடன் சில ஐயங்கள் தாமே அகன்றுவிடும். சட்டென்று மூழ்கி வேறோர் இடத்தில் தலைநீட்டும் சிறு பறவை வாத்தே அன்று, அது முக்குளிப்பான். நீண்ட கழுத்தும் செம்பழுப்பு உடலும் உடையதாய், பறக்கும்போது சீழ்க்கையடிப்பது சீழ்க்கைச்சிறகி. அல்லிக் குளங்களில் காணும் குள்ளத்தாரா, கிளுவையினும் சிறியது; அதன் ஆணின் முகமும் கழுத்தும் வெண்மையானவை.

நீரிலிருந்து எழும் முறையும் கவனிக்கத்தக்கது. மூழ்கும் வாத்துகள் நீர்ப்பரப்பின்மேல் சிறிது தொலைவு ஓடிய பின்னரே வானில் எழ இயலும். கிளுவையோ நின்ற இடத்திலிருந்தே ஏறக்குறைய செங்குத்தாக எழும்பிவிடும். எழுந்த கூட்டம் நெருங்கி ஒன்றாய் வளைந்து திரும்பும் விரைவு, உள்ளான்களின் கூட்டத்தை நினைவூட்டும்.

ஆண்பறவையின் கோலம்

இனப்பெருக்கக் கோலம் பூண்ட ஆண்பறவைகளைப் பிரித்தறிவது எளிது. ஆண் கிளுவையின் தலை செம்பழுப்பு நிறமுடையது. கண்ணைச் சூழ்ந்து பிடரிவரை அகன்ற பச்சைப் பட்டை ஓடும். அதன் ஓரங்களில் மெல்லிய வெளிர்மஞ்சள் கோடு வரைந்தாற்போல இருக்கும். உடல் சாம்பல் நிறம். மடக்கிய இறக்கையின் மேல் கிடைமட்டமாக ஒரு வெண்கோடு தெரியும். வாலடியின் இருபுறமும் கருமை சூழ்ந்த மஞ்சள் முக்கோணம் காணப்படும். வெயில் எதிரே இருந்து பச்சைநிறம் கருமையாகத் தோன்றும்போதும் இம்முக்கோணம் தொலைவிலிருந்தே கண்ணுக்குத் தெரியும்.

ஆண் நீலச்சிறகிக்கு இத்தனை அடையாளங்கள் வேண்டுவதில்லை. பழுப்புத் தலையில் கண்ணுக்கு மேலே தொடங்கிப் பிடரியை நோக்கி வளைந்திறங்கும் அகன்ற வெண்புருவம் ஒன்றே போதும். பழுப்பு மார்பும் சாம்பல் விலாவும் சந்திக்கும் இடம், கத்தியால் வெட்டினாற்போலத் தெளிவாக இருக்கும்.

பல அடையாளங்களைக் கூறுவதினும் பிற பறவைகளிடம் இல்லாத ஒன்றைத் தேர்ந்து கூறுவதே பறவையியலார் வழக்கம். தமிழ்ப் புலவர்க்கும் இது தெரியாததன்று. சத்திமுற்றப் புலவர் நாரையை விளித்துப் பாடிய பாடலில், அதன் காலின் செம்மையையும், பிளந்த பனங்கிழங்கு போன்ற அலகின் வடிவையும் பவளம் போன்ற அதன் நிறத்தையும் சொன்னார். வறுமையில் வாடிய ஒருவர் பாடிய தூது அது. எனினும் அவர் சொன்ன அடையாளங்களைக் கொண்டே அப்பறவை இன்னதென இன்றும் உய்த்துணர முடிகிறது.

மங்கற்கோலம்

இடர்ப்பாடு தொடங்குவது இதற்குப் பின்னர்தான். வாத்தினத்தின் ஆண்பறவைகள் ஆண்டு முழுவதும் ஒரே கோலத்தில் இருப்பதில்லை. இனப்பெருக்கம் முடிந்ததும் தம் ஒளிமிக்க இறகுகளை உதிர்த்துப் பெண்பறவையைப் போன்ற மங்கிய பழுப்பு நிறத்தை அடைகின்றன. அக்காலத்தில் பறத்தற்குரிய இறகுகள் ஒருசேர உதிர்வதால், சில வாரங்கள் அவற்றால் பறக்கவும் இயலாது. நாணலிடையே மறைந்து வாழவேண்டிய அந்நாளில் பளிச்சிடும் நிறம் உயிருக்கு ஊறாகும் அன்றோ! மங்கிய நிறமே அப்போது காப்பு.

ஆண் கிளுவை இம்மங்கற்கோலத்தைப் பனிக்காலத்தின் தொடக்கத்திலேயே களைந்துவிடும். மார்கழியில் அதன் பச்சைப்பட்டையைக் காணலாம். ஆண் நீலச்சிறகி அவ்வாறன்று. அது நெடுநாள் மங்கற்கோலத்திலேயே இருக்கும். மாசி, பங்குனியில்தான் வெண்புருவம் முழுமையாக விளங்கும். ஆகவே மார்கழியிலும் தையிலும் ஓர் ஏரியில் இருநூறு நீலச்சிறகிகள் மிதந்தாலும் அவற்றுள் ஒன்றிலேனும் வெண்புருவம் தெளிவாகத் தெரியாமற் போகலாம். ஆண்பறவையின் படத்தை மட்டும் மனத்திற்கொண்டு வருபவர், அங்கு நீலச்சிறகியே இல்லை என்று எழுதிச் செல்லக்கூடும். ஏரியில் இருப்பதோ அதுவே.

பழுப்பு முகத்தைப் படித்தல்

எனவே கற்கவேண்டியது பெண்பறவையின் முகத்தை. பறவைநூல்களில் பெண்பறவைக்குப் பெரும்பாலும் சிறிய இடமே ஒதுக்கப்படுகிறது. களத்திலோ பார்வைக்கு வருவனவற்றுள் பாதிக்குமேல் அம்முகமே.

பெண் கிளுவையின் முகம் ஏறக்குறைய ஒரே சீரான பழுப்பு. கண்வழியே செல்லும் கருங்கோடு மெல்லியது. அதைத் தவிர வேறு கோடுகள் அழுத்தமாக இரா. அலகு சிறியது, கருமையானது, அதன் அடிப்பகுதியில் சில நேரங்களில் இளஞ்சிவப்பு மஞ்சள் சாயல் காணப்படும். வாலடியின் ஓரத்தில் வெளிறிய கோடு ஒன்று உண்டு. ஆணிடம் மஞ்சள் முக்கோணம் இருக்கும் இடத்தில் பெண்ணிடம் இவ்வெளிர்கோடு இருப்பதாகக் கொள்ளலாம்.

பெண் நீலச்சிறகியின் முகம் கோடுகள் நிறைந்தது. கண்ணுக்கு மேலே வெளிறிய புருவக்கோடு. கண்வழியே அழுத்தமான கருங்கோடு. அதற்குக் கீழே கன்னத்தில் மீண்டும் ஒரு மங்கிய கருங்கோடு. இவற்றோடு, அலகு முகத்தோடு சேரும் இடத்தில் ஒரு வெளிர்ப்புள்ளி. தொண்டை வெண்மையானது. அலகு சாம்பல் நிறமுடையது, கிளுவையினும் நீண்டது. மங்கற்கோலத்து ஆணின் முகமும் ஏறக்குறைய இவ்வாறே இருக்கும்.

அளவை நம்புதல் தவறு. கிளுவையின் நீளம் ஏறத்தாழ 34 முதல் 38 செ.மீ. வரை, நீலச்சிறகியின் நீளம் 37 முதல் 41 செ.மீ. வரை. இரண்டும் அருகருகே நின்றாலன்றி இவ்வேறுபாடு கண்ணுக்குப் புலனாகாது. நிறத்தையும் முழுதும் நம்ப இயலாது. சேற்றுநீரில் மேயும் பறவையின் முகம் சேற்றால் மூடப்படலாம். இளவெயில் பழுப்பைச் செம்மையாக்கிக் காட்டலாம். முகத்துக் கோடுகளின் எண்ணிக்கையும் அழுத்தமும் அலகின் வடிவும் மட்டுமே இத்தகைய மயக்கங்களுக்குப் பெரிதும் இடந்தராதவை.

பறக்கும்போது

சில நேரங்களில் உதவி வானிலிருந்து வருகிறது. பூனைப்பருந்து ஒன்று கோரைக்குமேல் தாழப் பறந்துவரின், ஏரியிலுள்ள சிறு வாத்துகள் அனைத்தும் ஒருசேர எழும். அவ்விரண்டொரு நொடிகளில் நோக்கவேண்டியது இறக்கையை. இரண்டு இனங்களுக்கும் இறக்கையின் பின்பகுதியில் பச்சைத்திட்டு உண்டு. ஆனால் அதன் எல்லையில் அமைந்த வெண்பட்டைகள் வேறுபடுகின்றன. கிளுவைக்குத் திட்டின் முன்புறத்து வெண்பட்டை அகன்றது; பின்புறத்தது குறுகியது. ஆண் நீலச்சிறகிக்கு இருபுறமும் ஏறக்குறைய ஒரே அகலம். பெண் நீலச்சிறகியின் பச்சைத்திட்டு மங்கியது; அதன் பின்விளிம்பு வெண்பட்டையே எடுப்பாகத் தெரியும்.

அனைத்திலும் மேலான சான்று இறக்கையின் முன்பகுதியில் உள்ளது. ஆண் நீலச்சிறகியின் முன்னிறக்கை வெளிர்நீலச் சாம்பல் நிறம். தமிழ்ப்பெயர் அதனாலேயே அமைந்தது. மங்கற்கோலத்தில் தலையும் உடலும் பழுப்பாக மாறினாலும் இந்நீலம் மாறுவதில்லை. வெண்புருவம் காட்டாத பறவையும் பறக்கும்போது தன் பெயரைத் தானே காட்டிவிடுகிறது.

பார்வை எட்டாத இடத்தில் செவி துணைசெய்யும். ஆண் கிளுவை மணியொலி போன்ற குறுஞ்சீழ்க்கை எழுப்பும். ஆண் நீலச்சிறகியின் குரல், சீப்பின் பற்களை நகத்தால் வருடினாற்போன்ற கரகரப்பு.

பெயருக்கு நேரே ஓர் எண்

இத்துணை நுணுக்கம் எதற்கு என்னும் வினா எழலாம். இரண்டும் வாத்துகளே, இரண்டும் உலக அளவில் உடனடி அழிவுநிலையில் உள்ளவையும் அல்ல. விடை ஏரிக்கரையில் எழுதப்படும் குறிப்பேட்டில் இருக்கிறது.

1987ஆம் ஆண்டில் இந்தியத் துணைக்கண்டத்தில் தொடங்கிய ஆசிய நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு, ஒவ்வோர் ஆண்டும் சனவரித் திங்களில் நடைபெறுகிறது. தன்னார்வலர்கள் நீர்நிலைகளுக்குச் சென்று, இனம் வாரியாகப் பறவைகளை எண்ணிப் பதிவுசெய்கின்றனர். நீலச்சிறகியின் ஆண்கள் இன்னும் மங்கற்கோலத்தில் இருக்கும் அதே திங்கள் அது என்பதை இங்கு எண்ணிப் பார்க்கவேண்டும்.

> தெரியுமா?
> ஈரநிலங்களைக் காப்பதற்கான பன்னாட்டு உடன்படிக்கை 1971ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் நாள் ஈரானின் ராம்சர் நகரில் கையெழுத்தாயிற்று. தமிழகத்திலிருந்து முதலில் இப்பட்டியலில் இடம்பெற்றது கோடியக்கரை (2002). வேடந்தாங்கல், கரிக்கிலி, பள்ளிக்கரணை முதலியன 2022ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்டன.

ராம்சர் உடன்படிக்கையின்படி ஒரு நீர்நிலை பன்னாட்டுச் சிறப்புடையதெனக் கொள்ளப்படுவதற்குப் பல அளவுகோல்கள் உள்ளன. 20,000 அல்லது அதற்கு மேற்பட்ட நீர்ப்பறவைகளுக்குத் தொடர்ந்து வாழிடமாக இருப்பது அவற்றுள் ஒன்று. ஒரு நீர்ப்பறவையினத்தின் வாழ்தொகையில் 1 விழுக்காட்டுக்குத் தொடர்ந்து இடமளிப்பது மற்றொன்று. முதல் அளவுகோலுக்கு வாத்து என்னும் பொதுப்பெயரே போதும். இரண்டாவதற்குப் போதாது. அங்கு இனத்தின் பெயர் சரியாக இருத்தல் வேண்டும். ஓர் ஏரியின் நீலச்சிறகிகள் ஆண்டுதோறும் கிளுவைகளாக எழுதப்பட்டால், நீலச்சிறகிக்கு அவ்வேரி தந்துவரும் இடம் எந்த ஏட்டிலும் இராது. நாளை அவ்வேரியின் ஒருபகுதியை மண்ணிட்டு நிரப்ப முனைவோர் முன்னே, அதைக் காக்க எடுத்துக்காட்டும் சான்றும் இராது. பறவைகள் குறைந்துவிட்டன என்று சொல்வதற்கும், முன்பு எத்தனை இருந்தன என்பது சரியான பெயரோடு பதிவாகியிருக்க வேண்டுமல்லவா?

நீரின் ஆழம்

ஏரி நிரம்பியிருப்பதே பறவைகளுக்கு நன்மை என்று எண்ணுவது இயல்பு. சிறு வாத்துகளின் நிலை வேறு. தலைகீழாக நின்றாலும் இவற்றின் அலகு எட்டும் ஆழம் ஏறத்தாழ ஒரு சாண் அளவே. வடகிழக்குப் பருவமழையால் ஏரி கலங்கல் வரை நிறைந்து நிற்கும்போது நடுநீரில் இவற்றுக்கு உணவு எட்டாது. அது ஓய்வெடுக்கும் இடம் மட்டுமே. அந்நாள்களில் பகலெல்லாம் திறந்த நீரில் கூட்டமாக மிதந்து உறங்கி, மாலை மயங்கியதும் நீர்தேங்கிய வயல்களுக்குப் பறந்து, இரவில் மேய்ந்து, விடியலில் திரும்பும். தை, மாசியில் நீர் வடிய வடிய, சேறும் விதையும் நிறைந்த ஆழமற்ற விளிம்பு வெளிப்படுகிறது. அவ்விளிம்பே இவற்றின் உணவுக்களம்.

ஆழப்படுத்துதல் என்னும் பெயரில் ஏரியின் ஓரங்களைச் செங்குத்தாக வெட்டிக் கரையை உயர்த்தும்போது அழிவது இவ்விளிம்பே. நீரின் கொள்ளளவு கூடும். மூழ்கும் பறவைகளும் மீனுண்ணும் பறவைகளும் வரக்கூடும். கிளுவைக்கும் நீலச்சிறகிக்கும் அங்கு வேலையில்லை. உழவர்க்கு நீரும் வேண்டும். வாத்துக்கு ஆழமற்ற ஓரமும் வேண்டும். ஒருபக்கத்துச் சரிவையேனும் பழைய நிலையில் விட்டுவைத்தால் இரண்டும் கைகூடும். ஏரியையும் பறவையையும் ஒருங்கே காத்த வழக்கம் இப்பகுதிக்குப் புதியதும் அன்று. வேடந்தாங்கல் மக்கள், பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதை அறிந்து, வேட்டையாடுவோரைத் தடுத்துவந்தனர். அவர்களின் உரிமையை 1798ஆம் ஆண்டில் அன்றைய ஆட்சியர் லயனல் பிளேஸ் ஏற்றதாகக் கூறுவர். வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1972இல்தான்.

கரிக்கிலிக் கரையில் நின்ற இருவரின் வழக்குக்கு வருவோம். வெயில் ஏறியபின் பறவைகளுள் சில கோரையின் மறைவை விட்டு வெளியே வந்தன. வாலடியில் மஞ்சள் முக்கோணம் உடையவை ஆறு. ஐயமின்றி ஆண் கிளுவைகள். அவற்றோடு, கோடற்ற முகமும் சிறிய அலகும் கொண்ட பெண்கள் நான்கு. எஞ்சியவற்றின் முகத்தில் கோடுகள் அழுத்தமாக இருந்தன. அலகடியில் வெளிர்ப்புள்ளியும் தெரிந்தது. அவை முப்பத்தொன்று. வெகுதொலைவில், நீரின் பளபளப்புக்கிடையே தலையை முதுகிறகில் செருகி உறங்கியவற்றின் முகம் கடைசிவரை தெரியவில்லை. குறிப்பேட்டில் கிளுவை 10, நீலச்சிறகி 31 என எழுதினர். அதன்கீழே, 'இனம் அறியப்படாத சிறு வாத்துகள் 18' என்றும் எழுதினர். மாசி இறுதியில், வெண்புருவங்கள் விளங்கும் நாளில், மீண்டும் வந்து எண்ணுவது என்று முடிவாயிற்று.